சீர்த்தட்டில் வந்த ஸ்டீரிங்

மாத்திரை அட்டையில் தேதி பார்க்கக் கையை நீட்டி நீட்டிப் பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே, கடைசியாக நீங்கள் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள்? மாடி எடுத்தவனைப் பார்த்தா, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவனைப் பார்த்தா? அதெல்லாம் பொறாமை இல்லை. வாயு. ஒரு ஏப்பத்தில் போய்விடும். நான் சொல்ல வந்தது பன்னிரண்டு வயதில் வருகிற சரக்கு. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. தூங்கி எழுந்தால் நமக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். எனக்கு அது ஒரு கோடை முழுக்க இருந்தது. என் அக்காவின் மேல். சரியாகச் சொன்னால், அவளுடைய இரண்டு கைகளின் மேல்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில், துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்தது. அப்பாவுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை. உப்புக்குவியலை மூட, லாரியை மூட, வள்ளத்தை மூட என்று ஊரே எதையாவது மூடிக்கொண்டிருந்ததால் எங்களுக்குச் சோறு இருந்தது. வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய பொட்டல். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை அங்கே நிற்கும். ஒன்று உள்ளே வர, இன்னொன்று பின்னால் எடுக்க, கிளீனர்கள் கத்த, பகலெல்லாம் புழுதி. அந்தப் புழுதியிலும் உப்பு கரிக்கும்.

பையன் கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்று அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். கீழ் அறையில், முதுகு பெருத்த அந்த மானிட்டருக்கு அம்மா பழைய பாவாடைத் துணியில் ஓர் உறை தைத்திருந்தாள். உப்புக்காற்று இரும்பைத் தின்பதுபோல் இதையும் தின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். அதில் ஒரு கார் ரேஸ் விளையாட்டு இருந்தது. நானும் அக்காவும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து ஒரே கீபோர்டில் ஆடுவோம். மேல் அம்பும் கீழ் அம்பும் எனக்கு. இடமும் வலமும் அவளுக்கு. வேகம் என் பொறுப்பு, திருப்பம் அவள் பொறுப்பு. ஜெயித்தால் நான் ஜெயித்ததாக அப்பாவிடம் சொல்வேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் அக்கா பெரிய மனுஷி ஆனாள்.

நம் காலத்தில் பையன்களுக்கு இதை யாரும் விளக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மாடி அறையின் வாசலில் ஓர் உலக்கையைக் குறுக்கே போட்டார்கள். பதினாறு நாள் அவள் அதைத் தாண்டக் கூடாது. அவளுக்கென்று தனித் தட்டு, தனி தம்ளர், தனிப் பாய். எனக்கு முதல் பொறாமை அங்கேதான், உளுந்தங்களியில் தொடங்கியது. கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து, குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றி அம்மா மாடிக்குக் கொண்டு போவாள். படியேறும்போது அந்த வாசனை என்னைத் தாண்டிப் போகும். கேட்டால், "அது உனக்குள்ளது இல்லல, போ" என்பாள். ஒரு தடவை உலக்கைக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா தட்டைத் தொடாமல் ஜன்னலில் நின்று பொட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் குழியில் அப்படியே நின்றது.

எங்களுக்குப் பொதுவாக ஒரு சைக்கிள் இருந்தது. அந்தப் பதினாறு நாளில் அது எனக்கே எனக்கு ஆயிற்று. பிறகும் அவளிடம் திரும்பவில்லை. அப்படி ஒரு பேச்சே வீட்டில் எழவில்லை. மழை நின்றதும் குடை மடிந்துவிடுவதுபோல் அவள் பங்கு மடிந்துவிட்டது. நான் உப்பளத்து வரப்பில் மணியடித்துக்கொண்டே போவேன். நியாயமா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அந்தப் பதினாறு நாளுக்குள் மாமா போன் பண்ணினார். மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினார். சடங்குக்கு வந்துவிடுவேன், தாய்மாமன் சீர் கொண்டு வருவேன், மருமகளுக்கு என்ன வேண்டும் என்று அவள் வாயால் கேட்க வேண்டும் என்றார். ஹாலில் இருந்த போனை, வயரை இழுத்து இழுத்து, மாடிப்படியின் மேல்படி வரைக்கும் கொண்டு போனார்கள். அக்கா உலக்கைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினாள். நான் கீழ்ப்படியில் இருந்தேன்.

"மாமா, கம்ப்யூட்டர்ல மாட்டி கார் ஓட்டுவாங்கள்ளா, அந்த ஸ்டீரிங். ஆமா, கால்ல மிதிக்கதோட. இல்ல மாமா, வளையல்லாம் அம்மா வாங்குவா. எனக்கு அதுதான் வேணும்."

பேசி முடித்ததும் அம்மா ரிசீவரை மஞ்சள் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தாள். அன்றிலிருந்து அந்தப் போனில் யார் பேசினாலும் வறுகடலை கொறித்துக்கொண்டே பேசுவதுபோல் கேட்கும்.

ஆக, ஸ்டீரிங் யார் கேட்டது என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்குத் தெரியாமல் செய்தான் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

சடங்கன்று தெருவை மறித்துப் பந்தல். மேளத்தோடு மாமாவின் சீர்த்தட்டுகள் வந்தன. பட்டு, வளையல், பவுடர், சீப்பு, கண்ணாடி, கருப்பட்டி, பழம், ஒரு தட்டு நிறைய மக்ரூன். நடுவில் ஒரு தாம்பாளத்தில் ஜிகினாத் தாள் சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி. அதை மாமாவே தூக்கி வந்தார்.

"அது என்னதுப்பா, மிக்சியா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"இல்ல, ஸ்டீரிங். கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுறது."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "மாப்பிள்ளைக்குக் காரே வாங்கித் தந்துரலாம்லா, ஸ்டீரிங் மட்டும் எதுக்கு?" என்றாள். இன்னும் சிரிப்பு. மாமாவின் காது சிவந்தது. அப்போது அப்பா முன்னால் வந்தார். மச்சினனைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

"பிள்ளைக்குச் சீர் செய்யும்போது பையனுக்கும் ஒண்ணு வைக்கது வழக்கம்தான. மருமவனுக்கு வாங்கியாந்திருக்காப்ல," என்றவர், பெட்டியைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "பிடில."

மாமா வாயைத் திறந்தார். அத்தனை பேர் முன்னால் அத்தானை மறுத்துப் பேசுவதா என்று மூடிக்கொண்டார். ஒரு கிழவி, "ஏய், தட்டு ஒத்தப்படையில வரணும்லா, வெறுந்தட்டு நிக்கி பாரு" என்றாள். யாரோ ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து வந்து அந்தத் தாம்பாளத்தில் வைத்தார்கள். கணக்குச் சரியாயிற்று. மேளம் அடித்தது.

அக்கா மணையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்தே இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். 'அது அக்காவுக்கு' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். நான் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பெரிய பெட்டிதான், முகம்கூட மறைந்தது.

மாமா நாலாவது நாள் கப்பலுக்குப் போய்விட்டார்.

ஸ்டீரிங் கறுப்பு. ஓரத்தில் புள்ளி புள்ளியாக ரப்பர். பிரித்தவுடன் அப்பா கடையின் வாசனை அடித்தது. மேஜையோடு பிடித்துக்கொள்ள அடியில் ஒரு திருகு. காலுக்கு இரண்டு மிதிகள். வழுவழுத்த மொசைக் தரையில் மிதித்தால் அவை நகர்ந்து நகர்ந்து சுவர்வரை போய்விடும். கடையிலிருந்து ஒரு தார்ப்பாய்ச் சுருளைக் கொண்டு வந்து பின்னால் முட்டுக் கொடுத்தேன். பெட்டிக்குள் சின்னப் புத்தகம் ஒன்று, இங்கிலீஷில். அதில் ஒரு பக்கம் முழுக்க 'டிரிஃப்ட்' பற்றி. நம் பிள்ளைகளுக்கு இன்று இது அ, ஆ மாதிரி. எனக்கு அப்போது அதிசயம். வளைவில் வண்டியை ஒழுங்காகத் திருப்பாமல், வேண்டுமென்றே பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போவது. எவ்வளவு தூரம் சறுக்குகிறோமோ அவ்வளவு புள்ளி. சூட்சுமம் இதுதான்: பின்பக்கம் வழுக்க ஆரம்பித்ததும் ஸ்டீரிங்கை வளைவுக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

படித்துப் புரிந்துகொண்டேன். கைக்குத்தான் புரியவில்லை. வலது வளைவு வரும். ஹேண்ட்பிரேக் பொத்தானை அழுத்துவேன். பின்பக்கம் வழுக்கும். என் கை இன்னும் வலப்பக்கமே திருப்பும். வண்டி தன்னைத்தானே சுற்றிச் சுவரில் போய் முட்டும். மறுபடி. மறுபடி. பயம் வந்தால் மனுஷன் போக வேண்டிய பக்கம்தான் திருப்புவான், என்ன செய்ய? நாலு நாள், ஐந்து நாள். என் டயர் சத்தம் விக்கல் எடுப்பதுபோல் இருக்கும். கிறீச், நின்றுவிடும். கிறீச், மோதிவிடும். அக்கா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பாவாடைக்கு மேல் புதிதாகத் தாவணி. தோளில் நிற்காமல் நழுவ, இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாள். கேட்க மாட்டாள். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தர மாட்டேன் என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

ஒரு மத்தியானம். அப்பா கடையில், அம்மா தூக்கத்தில். சைக்கிள் பஞ்சராகி, நான் அதைத் தள்ளிக்கொண்டு நேரத்தோடு திரும்பி வந்தேன். கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசியது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டது. டயர் சத்தம். ஒரே இழுப்பு. நடுவில் அறுபடவே இல்லை. ஒரு வளைவில் ஏறி, அடுத்த வளைவுக்கு மாறும்போது சுருதி மட்டும் மாறி, இறங்காமல், நீண்டு, நீண்டு. நாதஸ்வரக்காரர் மூச்சை எங்கே வாங்குகிறார் என்று தெரியாமல் முழிப்போமே, அப்படி. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே என் காதுக்குப் பொறாமை வந்துவிட்டது. ஒரு செருப்பைக் காலிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே அக்கா தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் ஸ்டீரிங்கை அழுத்திப் பிடிக்கவில்லை. திருப்பிவிட்டு, அது தானாக மையத்துக்கு ஓடி வரும்போது உள்ளங்கையில் ஓடவிட்டாள். திரையில் கார் ஒருச்சாய்ந்து, முகம் ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கமாக, கோணலாக, அழகாகப் போனது.

என்னைக் கண்டதும் காலை எடுத்தாள். வண்டி மோதி நின்றது.

"எப்பம் படிச்ச?" என்றேன்.

"படிக்கலல. சும்மா."

"சொல்லு."

அவள் ஜன்னலைக் காட்டினாள். பொட்டலில் ஒரு டிரெய்லர் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. "பதினாறு நாளும் இதைத்தான் பாத்தேன். டிரைவர் இந்தப் பக்கம் திருப்புதாவ, பின்னால பெட்டி அந்தப் பக்கம் போவுது பாரு. முதல்ல தப்பாத்தான் திருப்பணும்."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. ஆனா ரெண்டுலயும் பயப்படாம தப்புப் பக்கம் திருப்பணும். அது ஒண்ணுதான்."

மறுநாள் வெயிலில் பொட்டலுக்குப் போய் நின்றேன். டிரெய்லர்களின் டயரையே பார்த்தேன். "ஏலே, அங்கன நிக்காத, நசுங்கிச் சாவாத" என்று ஒரு கிளீனர் விரட்டினான். ஒன்றும் விளங்கவில்லை. ஊரெல்லாம் சுற்றுகிற சைக்கிள் என்னிடம் இருந்தது. ஒரு ஜன்னல் மட்டும் வைத்திருந்தவள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆமாம், என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தேன்.

பேசாமலே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. காலையில் நான். மத்தியானம் அம்மா கண்ணயர்கிற ஒன்றரை மணி நேரம் அவள். நல்ல புள்ளி எடுத்தால் விளையாட்டு பெயர் கேட்கும். அவள் என் பெயரையே அடித்துவிடுவாள். அப்பா எப்போதாவது வந்து பார்த்தாலும் சந்தேகம் வராது என்பதற்காக. பட்டியலில் பத்து இடத்திலும் என் பெயர். அதில் முதல் மூன்றும் அவள். எத்தனை முயன்றும் நாலாம் இடத்துக்கு மேல் நான் போகவில்லை. என் பெயரே எனக்கு எட்டாத உயரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. கூட்டாளிகளே, சொந்தப் பெயரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறீர்களா?

என் சேக்காளிகள் மூன்று பேர் ஒரு மத்தியானம் வந்தார்கள். பட்டியலைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அதில் ஒருவன் மீன்வலைக் கடைக்காரர் மகன். எதையும் லேசில் நம்ப மாட்டான்.

"இது நீ எடுத்ததால?"

"பின்ன?"

"எங்க, ஓட்டிக் காமி."

உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. இரண்டாம் தடவை சுவர். மூன்றாம் தடவை மிதி நழுவியது. "திருகு லூசா இருக்கு" என்றேன். அவன் குனிந்து திருகைப் பார்த்தான். "நல்லாத்தான இருக்கு. உனக்குத்தான் எங்கயோ லூசு" என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

கதவருகே தண்ணீர்ச் செம்போடு அக்கா நின்றிருந்தாள். "இறுக்கிப் பிடிக்காதல, ஓட விடு," என்றாள். எனக்கு உதவத்தான் சொன்னாள். இன்று சத்தியமாகத் தெரிகிறது. அன்று அது செருப்படியாக விழுந்தது.

"யக்கா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றான் வலைக்கடைக்காரர் மகன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து நின்றேன். சுவரில் மோதி அவளும் அசிங்கப்படட்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுந்தேன்.

அவள் மோதவில்லை. மலைப்பாதை ஒன்று, பதினோரு வளைவு. முதல் வளைவில் சாய்த்த வண்டியைக் கடைசி வளைவில்தான் நிமிர்த்தினாள். மூன்று பேரும் மானிட்டரை நெருங்கிக் குனிந்தார்கள். விளையாட்டு பெயர் கேட்டது. அவள் விரல் என் பெயரின் முதல் எழுத்துக்குப் போயிற்று. "யக்கா, உங்க பேரைப் போடுங்க" என்றான் அவன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே பெயர் கேட்கும் கட்டத்தை அப்படியே மூடிவிட்டாள். அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்றை அதற்கு முன்னால் அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. அது எனக்கு வேண்டும் போலிருந்தது. அவளிடமிருந்து பிடுங்கியாவது வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டோடு போய் நின்றேன். நான் துண்டு எடுத்துக் கொடுக்கிற பிள்ளை இல்லை. அப்போதே அவர் யோசித்திருக்கலாம்.

"அப்பா, அக்கா பையம்மாரு முன்னால உக்காந்து ஓட்டுதா."

"என்னத்த?"

"ஸ்டீரிங்கை. மூணு பேரு இருந்தானுவ. தாவணியைச் செருகிக்கிட்டு."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அன்று அவள் தாவணியைச் செருகவும் இல்லை. நானாகச் சேர்த்தேன்.

அவர் கத்தவில்லை. அடிக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நேராகக் கீழ் அறைக்குப் போய்த் திருகைக் கழற்றினார். உப்புக்காற்றில் அது அதற்குள் துருப்பிடித்திருந்தது. கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வயரைச் சுற்றினார். மிதிகளை எடுத்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"மாமன் சீரை இவன் இத்தன நாளு வச்சு விளையாடுனதே தப்பு. அது அவளுக்குள்ளது. அவ கல்யாணத்துக்குச் சேத்து வை."

எங்கள் பக்கத்தில் சீராக வந்த சாமானை விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. பெண்ணோடு அது புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே, சடங்குக்கு வந்த பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தாம்பாளங்கள் எல்லாம் இருந்த பெரிய மரப்பெட்டியைத் திறந்தார்கள். அம்மா ஸ்டீரிங்கைப் பழைய வேட்டியில் சுற்றி அண்டாவுக்குள் வைத்தாள். அந்துருண்டை போட்டாள். பூட்டினாள். அன்றுதான் அந்த வீட்டில் முதல்முறையாக அது அக்காவுடையது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். அவளுக்கு உரியதை அவளுக்கே கொடுத்துவிட்ட நிம்மதி அப்பா முகத்தில் இருந்தது. அவர் பொய்யாக நடிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படியேறும்போது என்னிடம், "நீயால சொன்ன?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"சரி," என்றாள். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து மாமா போன் பண்ணினார். அவர் கப்பல் எங்கோ நங்கூரம் போட்டிருந்தது. அக்காதான் எடுத்தாள். இரைச்சலுக்காக அவர் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது. "மருமவளே, ஓட்டுதியாளா? அன்னைக்கு உங்கப்பா எடுத்துக் குடுத்ததுல எனக்கு மனசே சரியில்ல. தம்பி தாரானா?"

"தாராம் மாமா. தெனம் மத்தியானம் ஓட்டுதேன்," என்றாள் அவள். குரல் துளிகூட ஆடவில்லை. "ஒரு வளைவுலகூட மோதல."

அவள் அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தப் பொய்யைக்கூட அத்தனை சீராகச் சொன்னதைப் பார்த்து எனக்கு எரிந்தது.

கம்ப்யூட்டர் எனக்கு இருந்தது. கீபோர்டு இருந்தது. இப்போது நான்கு அம்புகளும் எனக்கே. பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று உட்கார்ந்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் போக மாட்டேன். விரல் நுனி மரத்துப்போகும். வலது வளைவு, பிரேக், உடனே இடது. பயப்படாமல் தப்புப் பக்கம். அவள் சொன்ன சொல்லைத்தான் மந்திரம்போல் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது அவள் சொன்னது என்று நினைத்துக்கொள்ள மாட்டேன்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அது வந்தது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வளைவில் வண்டி சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. சுற்றவில்லை, முட்டவில்லை. நான் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சறுக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். அடுத்த வளைவு, அதற்கடுத்தது. பதினோரு வளைவும் இல்லை, ஏழு. ஏழு போதும்.

யாரிடம் சொல்ல? சேக்காளிகள் அன்றைக்குப் பிறகு வரவில்லை. அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு எல்லாச் சத்தமும் ஒன்று. அந்த ஊரில், அந்தக் கடற்கரை முழுக்க, நான் செய்தது என்னவென்று பார்த்ததும் தெரிந்துகொள்ளக்கூடிய ஆள் ஒரே ஒருத்திதான். அடுப்படிக்கு ஓடினேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வா. வந்துட்டு."

அவள் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை எட்டு வளைவு. அவள் மூச்சு என் உச்சியில் பட்டது. வளைவுக்கு வளைவு அந்த மூச்சு நிற்பதும் விடுவதும் எனக்குத் தெரிந்தது. திருப்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு துளி முன்னாலேயே அது நின்றது. நான் எப்போதும் அந்தத் துளி பிந்தித்தான் திருப்பினேன்.

"நல்லா ஓட்டுதல," என்றாள்.

என்ன தோன்றியதோ, நாற்காலியில் பாதியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். "நீ ஓட்டு. அம்மா தூங்குதா. அப்பா வர நேரமாவும்."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, தேங்காய்ப்பூ ஒட்டிய இரண்டு விரல்களை இடது அம்புக்கும் வலது அம்புக்கும் நேராகக் கொண்டுவந்தாள். தொடவில்லை. ஒரு விரற்கடை மேலே அப்படியே வைத்திருந்தாள். திரையில் கார் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"எனக்கு மறந்துட்டுல," என்றாள்.

கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தேங்காய் துருவுகிற சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

என் வயதுக்காரர்களே, அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடிக்கும். வரவில்லை. எனக்கு உயிராக இருந்த ஒன்றை, மறந்துவிட்டேன் என்று ஒரு சொல்லில் வைத்துவிட்டுப் போகிற திராணி அவளிடம் இருந்தது. என்னிடம் இல்லை. அதற்கும் பொறாமைதான் வந்தது.

நாற்காலியில் நடுவாக நகர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த ஆட்டத்தைத் தொடங்குமுன் ஸ்பீக்கரின் குமிழை முழுக்கத் திருப்பி, கதவையும் நன்றாகத் திறந்து வைத்தேன். அடுப்படிவரை கேட்க வேண்டும் என்பதற்காக.